நெசவு மேஸ்திரிக்கு ஒரு சொல் வேண்டும்

1

உங்கள் பத்திரிகைக்கு அக்கரையிலிருந்து ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். ரப்பர் தோட்டமும் துரியன் பழமும் எதிர்பார்த்திருப்பீர்கள். துரியனுக்கு ஒரு வரி போதும்: மூக்கை மறந்துவிட்டுத் தின்றால் பலாவுக்கு அண்ணன். ரப்பர் மரத்தை நான் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. நான் இந்த மலாய் நாட்டுக்கு வந்தது பால் வெட்ட அல்ல. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருக்கும் கைத்தொழில் பள்ளியில் மலாய்ப் பையன்களுக்கு நெசவு சொல்லிக்கொடுக்க வந்தேன். ஆகவே என்னிடம் இருக்கிற சரக்கைத்தான் எழுத முடியும்.

கப்பலை விட்டு இறங்கி இந்த ஆடிப் பதினெட்டோடு எட்டு வருஷம் முடிந்தது. ஊரில் இருந்தால் அன்றைக்குப் பள்ளிபாளையம் படித்துறையில் கால் வைக்க இடம் கிடைக்காது. இங்கே நாங்கள் மூன்றே பேர். என் வீட்டுக்காரி நாச்சம்மாள் ஒரு தட்டில் காப்பரிசியும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு முன்னே நடக்க, நானும் பதின்மூன்று வயது மகள் காவேரியும் பின்னால் போனோம். இந்த ஊர் ஆறு டீத்தண்ணீர் நிறத்தில் ஓடும். கரையில் நின்று தூரத்திலிருந்தே அரிசியை எறிந்துவிட்டு வந்துவிட வேண்டும், ஏனென்றால் முதலை உண்டு.

"ஏம்ப்பா, உங்க ஊர் ஆத்துல மொதலை இருக்குமா?" என்று கேட்டாள் மகள்.

"எங்க பக்கத்துல கெடையாது சாமி."

"அப்ப எனக்குப் பேரு வெச்சது சின்ன ஆறுதான்" என்று முடிவு கட்டிவிட்டாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆற்றின் மதிப்பு முதலையை வைத்துத்தான். இவள் ஐந்து வயதில் கப்பலேறி வந்தவள்; அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் பள்ளிக்குத் திரும்பினால் சுற்றறிக்கை காத்திருந்தது. கைத்தொழில் பள்ளிகளில் வேலை பார்க்கிற எல்லோரையும் இரண்டு வகையாகப் பிரிக்கப் போகிறார்களாம். ஒன்று குரு, மற்றது துக்காங். குரு என்றால் நம் குருவேதான், ஆசிரியர். துக்காங் என்றால் கைவேலைக்காரன். முன்பு எந்த ஊரிலாவது ஒரு பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்ததற்கு எழுத்து மூலமான அத்தாட்சி வைத்திருப்பவர் குரு. வைத்திராதவர் துக்காங். குருவுக்கு வேலை நிரந்தரம். துக்காங்குக்கு ஒப்பந்தம் இந்த வருஷத்தோடு முடிந்து, கப்பல் டிக்கெட் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அதைப் படித்துச் சொன்னவர் அலுவலகக் கிராணியார் கனகசபை. கிராணி என்றால் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர். கேட்டுக்கொண்டு நின்றது இரண்டு பேர்: நானும், பக்கத்து அறையில் மரவேலை சொல்லிக்கொடுக்கிற லிம் என்ற சீனரும். லிம்முக்குக் கனகசபையே மலாயில் மறுபடி சொன்னார். லிம் கையில் இருந்த இழைப்புளியை ஒருமுறை ஊதித் துடைத்தார். வேலைக்குத் திரும்பிவிட்டார். அவர் எப்போதுமே அப்படித்தான்.

காவேரி இங்கே இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிறாள். பாதியில் பிடுங்கிக்கொண்டு போனால் ஊரில் அவளை எந்த வகுப்பில் வைப்பது என்று தெரியாது. தமிழில் அவள் இன்னும் இரண்டாம் வகுப்பு. அது ஒரு கவலை. இன்னொரு கவலை எனக்கு மட்டும் உரியது. ஆசிரியர் என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் நான் கடலையே தாண்டி வந்தேன்.

2

வகுப்பின் முதல் நாளே அந்தச் சொல் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது தெரியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்து வாசகர்களுக்குச் சிக்கு என்றால் என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தலைமுடியில் விழுந்தால் சீப்போடு போயிற்று. நெசவுக்காரன் நூலில் விழுந்தால் அன்றைய பிழைப்பே போயிற்று. பட்டறையில் யாராவது "சிக்கு" என்று குரல் கொடுத்தால், சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓட வேண்டும். இழுத்துவிட்டால் இன்னும் இறுகும்.

முதல் நாள் காலையில் வகுப்புக்குள் நுழைந்தேன். பதினாறு மலாய்ப் பையன்கள் எழுந்து நின்று ஒரே குரலில், "சிக்கு" என்றார்கள்.

எனக்குப் பகீரென்றது. முந்தின நாள்தான் நானே உட்கார்ந்து நான்கு தறியிலும் பாவு நூல் ஏற்றியிருந்தேன். முதல் தறிக்கு ஓடினேன். நூல் சுத்தமாக இருந்தது. பின் வரிசையிலிருந்து ஒருவன் கையைத் தூக்கி, "சிக்கு" என்றான். நான்காம் தறிக்கு ஓடினேன். அங்கேயும் ஒன்றுமில்லை. ஜன்னலோரத்திலிருந்து இன்னொருவன் கூப்பிட்டான். இப்படியே அரை மணி நேரம் தறிக்குத் தறி பாய்ந்து, குனிந்து, இழை இழையாகத் தடவிப் பார்த்தேன். இதுதான் இந்தியாக்காரர் பாடம் ஆரம்பிக்கிற முறை போலிருக்கிறது என்று பையன்களும் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து லிம் வந்தார். என் மார்பில் விரலை வைத்து, "சிக்கு" என்றார். பிறகு தன் மார்பைத் தொட்டு, மறுபடியும் "சிக்கு" என்றார். நாம் இரண்டு பேரும் வசமாக மாட்டிக்கொண்ட ஆட்கள் என்கிறார் போல என்று நினைத்துத் தலையாட்டி வைத்தேன். மலாய் மொழியில் ஆசிரியரைப் பிள்ளைகள் கூப்பிடுகிற மரியாதைச் சொல் அது என்பதைச் சாயங்காலம் கனகசபைதான் சொன்னார்.

வீட்டில் சொன்னபோது நாச்சம்மாள், "ஒரு வாத்தியாருக்கு இதைய உட்டா வேற பேரு கெடைக்கலீங்களா அவிகளுக்கு?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஊரில் ஆறு வருஷம் வேலை பார்த்தும் ஒரு பிள்ளை எனக்காக எழுந்து நின்றதில்லை. இங்கே முதல் நாளே பதினாறு பேர் நின்றுவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தை ஒளிப்பானேன்.

3

ஊர்ப் பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். பள்ளிபாளையத்திலிருந்து நடந்து போகிற தூரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த நாட்கள். பிள்ளைகளுக்குக் கைத்தொழிலும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து, பள்ளிக்குப் பின்புறம் ஓர் ஓட்டு அறையில் இரண்டு தறிகளைப் போட்டு, அதற்கு என்னை வைத்தார்கள்.

தமிழில் ஆசிரியர் என்ற சொல்லுக்குப் பஞ்சமே கிடையாது. புத்தகம் எழுதினவர் ஆசிரியர். பத்திரிகை நடத்துகிற நீங்களும் ஆசிரியர். ஒரே பாடத்தை முப்பது வருஷம் தூங்கிக்கொண்டே நடத்தினவரும் ஆசிரியர். தறியில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவன் மட்டும் மேஸ்திரி. தினமும் கையெழுத்துப் போடுகிற ரிஜிஸ்தரில் என் பெயர் கடைசிப் பக்கத்தில், "இதரர்" என்ற தலைப்பின் கீழ், தண்ணீர் ஊற்றுகிற அம்மாளுக்கும் மணி அடிக்கிறவருக்கும் நடுவில் இருந்தது. இருவரும் நல்லவர்கள், அவர்களோடு இருந்ததில் எனக்குக் குறைவில்லை. ஆனால் மணி அடிக்கிறவர் தன் மணியைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லையே.

நாற்காலி தரவில்லை. தறி அறையில் நாற்காலி போட்டால் இடிக்கும் என்றார்கள். தறிப்பலகையில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு வருஷம் இன்ஸ்பெக்டர் வந்தபோது ஆசிரியர்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். பின்னால் சுவர் காரை பெயர்ந்து கிடந்தது. மறைக்க ஒரு துணி வேண்டும். என் பையன்கள் நெய்த கட்டம் போட்ட ஜமக்காளம் எடுப்பாக இருந்தது. அதைப் பிடிக்க ஆள் வேண்டும் அல்லவா? நான் பிடித்தேன். படத்தில் முன்னால் ஒன்பது ஆசிரியர்கள், நடுவில் இன்ஸ்பெக்டர், பின்னால் ஜமக்காளம், அதன் மேல் ஓரத்தில் என் விரல்கள். படம் பிடித்தவரிடம் கேட்டு நானும் ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொண்டேன்.

பெற்றவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஒருநாள் ஒருவர் வந்து, "ஏனுங் மேஸ்திரி, தறிக்குழியில குக்கறதுக்கு எங்கூட்லயே எடமிருக்குதுங்க. அதுலருந்து மேல ஏறி வரட்டும்னுதான் பையனைப் பள்ளிக்கோடம் அனுப்பறோம். நீங்க மறுபடியும் அதுக்குள்ளயே எறக்கறீங்களே" என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது.

மீதிப் பாதியைக் கெடுத்தது பள்ளிக்கூடம். நன்றாகப் படிக்கிற பையனைத் தறிக்கு அனுப்பமாட்டார்கள். கணக்கில் தப்பினவன், வாய்பாடு மறந்தவன், பக்கத்துப் பையனைக் கிள்ளினவன், இவர்களைத்தான் "போடா தறிக்கு" என்று விரட்டுவார்கள். என் பாடமே தண்டனை. அழுதுகொண்டே வருகிற பிள்ளையிடம் ஊடு நூல் கோத்த நாடாவைக் கொடுத்து, நாடா குறுக்கே ஓடுகிறபோது கட்டைவிரலை எங்கே வைப்பது என்று ஆரம்பிக்க வேண்டும். கண்ணைத் துடைக்கவே பாதி நேரம் போய்விடும்.

4

அப்படி வந்து சேர்ந்தவன்தான் சென்னியப்பன். பத்து வயது. கணக்கு வாத்தியார் அப்பாவு அவனை வாரத்தில் நான்கு நாள் தறிக்கு விரட்டுவார். அவன் கைக்கு நூல் படிந்துவிட்டது. மூன்றாம் மாதம் எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டால், "எட்டேழு அம்பத்தாறுன்னு எனக்குத் தெரியுமுங்க. அம்பத்தஞ்சுன்னு சொன்னாத்தானுங்க இங்க அனுப்புவாரு" என்றான்.

இப்படித் தப்புக் கணக்குச் சொல்லித் தறிக்கு வருகிற பையன் கிடைத்தால் எந்த மேஸ்திரிக்குத்தான் தலை கனக்காது? எனக்கும் கனத்தது. அவனுக்கும் கனத்துவிட்டது. நாளாக ஆக அவசரம் காட்ட ஆரம்பித்தான். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடி போட வேண்டும். அவன் நிறுத்தாமல் ஓட்டினான். ஒருநாள் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழுந்திருந்தது.

அடிக்கிற பழக்கம் எனக்கில்லை. தறியை விட்டு எழுப்பினேன். "போ. போயிக் கணக்கு வகுப்புல குக்கு. இன்னைக்குப் பூராவும் கணக்குப் போடு. அப்பத்தான் உனக்குப் புத்தி வரும்" என்றேன்.

சென்னியப்பன் ஓவென்று அழுதான். "மேஸ்திரி, இனிமே முடி போடறனுங்க, கணக்குக்கு அனுப்பாதீங்க" என்று காலைப் பிடித்தான். நான் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அப்பாவு அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"ஏனுங் மேஸ்திரி, இவனை என்ற வகுப்புக்கு எதுக்கு அனுப்புனீங்க?"

"தண்டனைக்குத்தானுங்க. அறுந்த இழையை முடி போடாம உட்டுப்போட்டான்."

"கணக்குப் படிக்கறது தண்டனையா?"

"நெசவு தண்டனையா இருக்கறப்போ, கணக்கும் இருந்துட்டுப் போகட்டுமுங்க."

பையன்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் காரியத்தைக் கெடுத்தது. விஷயம் ஹெட்மாஸ்டர் மேசைக்குப் போயிற்று.

ஹெட்மாஸ்டர் வெளியூர்க்காரர். என்னை நிற்க வைத்துச் சொன்னார்: "நீ மேஸ்திரி. வாத்தியார் அல்ல. பையனை வகுப்பை விட்டு வெளியே அனுப்ப உனக்கு அதிகாரம் யார் கொடுத்தது?" பிறகு இங்கிலீஷில் ஒரு மெமோ எழுதி நீட்டினார். எனக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. கீழே காட்டின இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். நாச்சம்மாளிடம்கூட அன்று சொல்லவில்லை. அவ்வளவு அவமானமாக இருந்தது. மறு வருஷம் ஈரோட்டுத் துணி வியாபாரி ஒருவர் மூலமாக மலாய் நாட்டில் நெசவு கற்பிக்க ஆள் தேடுகிற சேதி வந்ததும் கப்பலேறிவிட்டேன்.

5

இனி சுற்றறிக்கைக்கு வருகிறேன். எழுத்து மூலமான அத்தாட்சிக்கு நான் எங்கே போவேன்? முதலில் அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கனகசபையிடம் வைத்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்து முகத்தையும் பார்த்தார். "இதிலை நீர் எங்கை?"

"மேல பாருங்க. ஜமக்காளத்து மேல."

"விரல் தெரியுது."

"அதுதானுங்க நான்."

கனகசபை படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "விரலை வைச்சு ஆளை வாத்தியார் எண்டு துரை ஒப்புக்கொள்ள மாட்டார். பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கடதாசி எடும்" என்றார். துரை என்பது இந்தப் பகுதிப் பள்ளிகளை மேற்பார்வை பார்க்கிற வெள்ளைக்காரர்.

எழுதினேன். எழுதின பிறகுதான் ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்: அந்தப் பள்ளிக்கு இப்போது ஹெட்மாஸ்டர் யார் தெரியுமா, அப்பாவு. யார் வகுப்பைத் தண்டனை என்றேனோ, அவர் கையில் என் பிழைப்பு. லிம்மும் முன்பு வேலை பார்த்த பள்ளிக்கு எழுதிப் போட்டிருந்தார். இரண்டு பேரும் தினமும் காலையில் கனகசபை ஜன்னலை எட்டிப் பார்ப்போம். அவர் தலையை ஆட்டுவார். அவரவர் அறைக்குப் போய்விடுவோம்.

காத்திருந்த அந்த மாதங்களில் வீட்டில் நடந்த கூத்து ஒன்று. காவேரி பேசுகிற தமிழில் மலாய் கலந்துவிட்டது. 'தா அப்பா' என்று மலாயில் ஒரு பேச்சு உண்டு. பரவாயில்லை, போகட்டும் என்று அர்த்தம். ஒருநாள் நான் யோசனையாக உட்கார்ந்திருந்தேன். காவேரி பக்கத்தில் வந்து என் தோளைத் தட்டி, "தா அப்பா" என்றாள்.

உள்ளேயிருந்து நாச்சம்மாள், "ஏனுங்க, புள்ள எதையோ தரச் சொல்லுது, என்னன்னு கேட்டுக் குடுத்துப்போடுங்க" என்றாள்.

"ஒண்ணும் தர வேண்டாம்மா. போகட்டும்னு சொன்னேன்" என்றாள் மகள்.

"போகட்டும்னு தமிழ்ல சொல்றதுக்கென்ன சாமி, வாயா வலிக்குது?"

காவேரிக்கு வருத்தம். நான் ஊருக்குப் போக நேர்ந்தால் நீ என்ன செய்வாய் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அதை எண்ணி எண்ணி மனசு ஆறவில்லை.

6

தீபாவளி கழிந்து கடிதம் வந்தது. அப்பாவுவின் கையெழுத்து கணக்கு நோட்டுப் போலத்தான் இருந்தது, ஒவ்வோர் எழுத்தும் கட்டத்துக்குள் நின்றது.

"மேஸ்திரி அவர்களுக்கு" என்று ஆரம்பித்திருந்தார். அங்கேயே எனக்குப் பாதி உயிர் போயிற்று. "ரிஜிஸ்தர்கள் முழுவதையும் பார்த்தேன். தங்கள் பெயர் இதரர் பக்கத்தில்தான் இருக்கிறது. இருப்பதை மாற்றி எழுத என் கைக்குப் பழக்கமில்லை. ஆனால் பழைய கோப்பு ஒன்றில் தாங்கள் கையெழுத்திட்ட மெமோ அகப்பட்டது. அதை நகலெடுத்து, உண்மை நகல் என்று கையொப்பமிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் தெரிந்தவரை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கவும். தறிக்குப் பையன்களைத் தண்டனையாக அனுப்புகிற வழக்கத்தை நான் வந்ததும் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு தறிக்கு யாரும் வருவதில்லை. அந்த அறையில் இப்போது விறகு அடுக்கியிருக்கிறது."

எனக்கு எதிரான மெமோவை எனக்கே அனுப்புவானேன்? பழி வாங்குகிறார் என்றுதான் நினைத்தேன். நாச்சம்மாள் அதைக் கிழித்து அடுப்பில் போடச் சொன்னாள். காவேரி கையில் வாங்கி வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"ஹெட்மாஸ்டர் உத்தரவு இல்லாம எந்த ஆசிரியரும் மாணவனை வகுப்பை விட்டு வெளியே அனுப்பக்கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்குதாம். இந்தப் பள்ளியில நெசவு ஆசிரியரான நீங்க அந்தச் சட்டத்தை மீறிட்டீங்களாம். அதனால கண்டிக்கிறாங்களாம்."

"என்னன்னு போட்டிருக்குது?"

"கண்டிக்கிறாங்கன்னு."

"அது கெடக்குது. அதுக்கு முன்னால."

"நெசவு ஆசிரியரான நீங்க."

"மறுபடி படி சாமி."

மூன்று முறை படிக்கச் சொன்னேன். மூன்றாம் முறை சலித்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அந்தச் சட்டம் ஆசிரியர்களுக்குத்தான் பொருந்தும். மேஸ்திரி வகுப்பை விட்டுப் பையனை அனுப்பினால் என்ன செய்வது என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. என்மேல் குற்றம் சாட்டுவதற்காகவே ஹெட்மாஸ்டர் என்னைப் பத்து வரிக்கு ஆசிரியராக்க வேண்டி வந்தது. வாயால் மேஸ்திரி என்று சொல்லிக்கொண்டே கையால் ஆசிரியர் என்று எழுதியிருக்கிறார். நான் அவமானத்தில் தலை குனிந்து கையெழுத்துப் போட்டது எனக்குக் கிடைத்த பட்டத்தின் கீழே.

அப்பாவு அதைத் தேடி எடுக்க எத்தனை கோப்பைப் புரட்டியிருப்பார் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. மனுஷன் நேர்மையும் தவறவில்லை, என்னையும் கைவிடவில்லை.

நாச்சம்மாளுக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. "குத்தம் பண்ணுனதுக்குச் சாட்சியை யாராச்சும் தானா கொண்டுபோயிக் குடுப்பாங்களா? இருக்கற வேலையும் போயிருமுங்க" என்றாள்.

"அதுல ஆசிரியர்னு இருக்குது."

"அதுக்குப் பக்கத்துலயே தப்புப் பண்ணுனீங்கன்னும் இருக்குதுங்களே."

7

கனகசபையும் அதையேதான் சொன்னார். "உது உமக்கு எதிரான கடதாசி கண்டீரோ. உதைக் கோப்பிலை வைச்சால் எடுக்க ஏலாது."

"எனக்கு வேணுங்கற சொல்லு வேற எந்தக் காகிதத்துலயும் இல்லீங்க. வெச்சுருங்க" என்றேன்.

இரண்டு நாள் கழித்துத் துரை கூப்பிட்டனுப்பினார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இருவரும் எங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்த மலாயில் பேசிக்கொண்டோம். கனகசபை ஓரமாக நின்றார்.

"பையனைத் தறியிலிருந்து எழுப்பி எங்கே அனுப்பினீர்?" என்று கேட்டார்.

"கணக்கு வகுப்புக்கு."

"ஏன் கணக்கு வகுப்புக்கு?"

மலாயில் நீளமாகச் சொல்ல எனக்கு வராது. "அவர்கள் கணக்குக்குத் தண்டனையாக என்னிடம் அனுப்பினார்கள். நான் நெசவுக்குத் தண்டனையாக அவர்களிடம் அனுப்பினேன்" என்றேன்.

துரை கனகசபையைப் பார்த்தார். நான் சொன்னதைக் கனகசபை இங்கிலீஷில் மறுபடி சொன்னார். துரை நாற்காலியில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு எழுதினார்.

கனகசபை அதைத் தமிழில் சொன்னதை அப்படியே தருகிறேன். நெசவுக்காரரை ஆசிரியர் வகையில் சேர்க்கலாம். முந்தைய கண்டனத்தை இவருடைய பதிவேட்டில் குறித்துக்கொள்ளவும். ஆசிரியர் என்ற முறையில் இனி இவ்வாறு செய்யக்கூடாது என்று எச்சரிக்கவும்.

இப்போது என் பதிவேட்டில் முதல் வரி நான் ஆசிரியர் என்கிறது, இரண்டாம் வரி நான் குற்றவாளி என்கிறது. இரண்டும் எனக்குச் சம்மதம். நாச்சம்மாள் அன்றைக்குப் பாயசம் வைத்தாள். காவேரி தன் சிநேகிதிகளிடம் சொல்லிக்கொள்ள ஓடினாள். எந்த வரியைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

8

இதோடு முடித்திருப்பேன். ஆனால் பக்கத்து அறை இருக்கிறதே.

லிம்முக்கும் பதில் வந்தது. அவர் முன்பு வேலை பார்த்த பள்ளியில் பழைய கோப்புகளை எல்லாம் பார்த்துவிட்டு, இவரைப் பற்றி எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். புகார் இல்லை, மெமோ இல்லை, விசாரணை இல்லை. ஒரு நாள் தாமதமாக வந்ததற்குக்கூட ஒரு சீட்டு இல்லை. அவருடைய மேசையில் ஓர் ஆணி உயர்ந்து நின்று நான் பார்த்ததில்லை; அப்படிப்பட்ட மனுஷர். அவர் துக்காங். வருஷக் கடைசியோடு போக வேண்டும்.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. இரண்டு மூன்று நாள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். அவரே வந்தார். என் தறிப்பலகையில் உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷத்தில் நான் ஒரு பையனைக்கூட வெளியே அனுப்பியதில்லை. தப்புப் பண்ணிவிட்டேன்" என்றார் மலாயில். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

பிறகு, "உன் கையெழுத்துக்கு இப்போது மதிப்பு உண்டு. எனக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடு" என்றார்.

நான் கனகசபையிடம் ஓடிக் கேட்டேன். முறைப்படி பழைய பள்ளி ஹெட்மாஸ்டர் கொடுத்தால்தான் செல்லும், இன்னோர் ஆசிரியர் எழுதிக் கொடுப்பதைத் துரை ஏற்பாரோ மாட்டாரோ, சொல்ல ஏலாது என்றார். கொண்டுவந்தால் கோப்பில் வைக்கிறேன் என்றும் சொன்னார். அது போதும் என்று வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த எழுத்து தமிழ் ஒன்றுதான். அன்று ராத்திரி வீட்டில் ஒரு தாளை எடுத்து எழுதினேன். "என் அறைக்குப் பக்கத்து அறையில் இவர் பிள்ளைகளுக்கு மரவேலை கற்பிப்பதை எட்டு வருஷமாக நாள் தவறாமல் பார்த்திருக்கிறேன். இவரிடம் படித்த பையன்கள் செய்த தறியில்தான் என் பையன்கள் நெய்கிறார்கள். இவர் ஆசிரியர்." கீழே என் பெயரை எழுதி, அதன் கீழே நெசவு ஆசிரியர் என்று எழுதினேன். அதை என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை. காவேரி பக்கத்திலேயே உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு பிரதி எழுதினாள். மைக்கறை படாமல், தாளை மாற்றி இரண்டு முறை எழுதினாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மறுநாள் லிம் தமிழ்த் தாளைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் புரியாது. "ஆசிரியர் என்பது இதில் எது?" என்று கேட்டார். அவருக்காக எழுதின சொல்லை விரலால் காட்டினேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அந்தச் சொல்லின் இரண்டு ஓரத்திலும் தாளில் படாமல் பிடித்து, மரத்தை அளக்கிற மாதிரி அளந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்" என்றேன்.